அடுப்படி நடுவே ஒரு தீவு

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது முறுக்குதான்.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. வழக்கம்போல அத்தை அடுப்படித் தரையில் பழைய நாளிதழைப் பரப்பி, மாவுச் சட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நானும் கணவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம். மேடையருகே நின்றுகொண்டு பிழிந்து பார்த்தார். மேடை அவருக்கு நெஞ்சு உயரம். உரலை அழுத்தக் கை எட்டவில்லை. மூன்றாவது ஈடு எடுத்ததும், "போதும்மா, மீதியக் கடையில வாங்கிக்கலாம்" என்றார். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. அத்தை வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

அன்று இரவு, கைப்பேசியில் ரொம்ப நாளாகச் சேமித்து வைத்திருந்த படங்களைக் கணவரிடம் காட்டினேன். அடுப்படிக்கு நட்ட நடுவில் நான்கு பக்கமும் சுவரைத் தொடாமல் நிற்கும் நீள மேடை. மேலே வெள்ளைக் கல், அதற்கும் மேலே தொங்கும் மூன்று விளக்குகள், ஒரு பக்கம் உயரமான நாற்காலிகள். 'கிச்சன் ஐலண்ட்' என்கிறார்களே, அதுதான். இப்போது புது வீடு வாங்குகிற இளம் தம்பதிகள் எல்லாரும் குத்தகையாளரிடம் முதலில் கேட்பது இதைத்தான். அத்தை எட்டிப் பார்த்தார்.

"இது என்னா, கல்யாண மண்டபத்துல சாப்பாடு எடுக்கிற மேசை மாதிரி இருக்கு?"

அத்தோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை.

எங்கள் வீடு சுங்கை வேயில் இருக்கிறது. அரசாங்கத் தாள்களில் ஸ்ரீ செத்தியா என்று பெயர் மாறிப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் எங்களுக்கு அது சுங்கை வேதான். அவசரகாலத்தில் உருவான சீனர் புதுக்கிராமம் ஒரு பக்கம், கூட்டரசு நெடுஞ்சாலை ஒரு பக்கம், 1970களில் வந்த சுதந்திர வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலைகள் ஒரு பக்கம். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அத்தை இங்கே வந்தது அந்தத் தொழிற்சாலை வேலைக்குத்தான். பத்தொன்பது வயதில் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, மயிரிழை போன்ற கம்பியை ஒட்டும் வேலை. அதற்கு முன்பு அவருக்குத் தெரிந்த அடுப்படி, லயத்து வீட்டின் பின்புறத்தில் விறகுப் புகை படிந்த குசினி. அதற்குப் பின்பு, இந்த வரிசை வீட்டின் பின்கோடியில் சுவரைப் பார்த்து நிற்கும் மேடை. இரண்டிலுமே சமைக்கிறவருடைய முதுகுதான் வீட்டாருக்குத் தெரியும்.

இந்த 'முதுகு' விஷயம் தற்செயலாக வந்ததல்ல. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தவர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் வியன்னாப் பெண் கட்டடக் கலைஞர். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். எதையும் ஓரிரு எட்டில் எடுத்துவிடலாம். சுமார் 10,000 வீடுகளில் அதைக் கட்டினார்கள். நாம் இன்று பார்க்கும் 'பில்ட்-இன்' அலமாரிச் சமையலறைகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது. பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துவது அதன் நல்ல நோக்கம். ஆனால் அதில் ஒருவர்தான் நின்று வேலை செய்யலாம், அவரும் தனியாக. பின்னாளில் அந்தச் சுவரைத் திறந்துவிட வேண்டும் என்று பலரும் நினைத்ததில்தான் நடுமேடை பரவியது. 1963இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சி தொடங்கியபோது, அவர் மேடைக்குப் பின்னால் நின்று, பார்ப்பவர் முகத்தைப் பார்த்தபடி சமைத்தார். ஐலண்ட் என்ற ஆசையின் உள்ளே இருப்பது அந்தக் காட்சிதான் என்று எனக்குத் தோன்றும். சமைக்கிறவரின் முகம் தெரிய வேண்டும்.

சரி, ஆசை இருக்கட்டும். இடம் இருக்கிறதா?

அட்டைப்பெட்டி ஐலண்ட்

எங்களுடையது 20 அடி அகல வரிசை வீடு. சுவர்களையும் குளியலறையையும் கழித்தால் அடுப்படிக்கு நீளவாக்கில் 13 அடி கிடைக்கிறது. முந்தைய வீட்டுக்காரர் பின்பக்கம் நீட்டிக் கட்டியிருந்ததால் ஆழம் 11 அடி 4 அங்குலம். படத்தில் பார்த்தபோது இது பெரிய இடமாகத்தான் தெரிந்தது. அளவு நாடாவைப் பிடித்தபோதுதான் தெளிந்தது.

கணக்கு எளியது. சுவர் மேடைக்கு 2 அடி. அதற்கும் நடுமேடைக்கும் இடையில் ஒருவர் நின்று வேலை செய்ய மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடு என்றால் 48 அங்குலம் வேண்டும் என்பது அமெரிக்கச் சமையலறை வடிவமைப்பாளர் சங்கத்தின் வழிகாட்டி அளவு. நடுமேடையின் அகலம் குறைந்தது இரண்டரை அடி. மறுபக்கம் ஆள் நடக்க 3 அடி. கூட்டினால் 11 அடி. மறுபக்கச் சுவரிலும் அலமாரி வைத்திருப்பவர்களுக்குப் பதின்மூன்றரை அடி ஆகிவிடும். இதற்குக் குறைந்த இடத்தில் ஐலண்ட் போட்டால் அது தீவாக இருக்காது, சாலை நடுவில் நிற்கும் லாரியாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு 11 அடி 4 அங்குலம். தப்பித்தோம் என்று நினைத்தேன். கணவர்தான், "கணக்கு வேற, கால் வேற" என்றார். பக்கத்து வீட்டில் புதுக் குளிர்பதனப்பெட்டி வந்த அட்டைப்பெட்டியை வாங்கி வந்து, வேறு இரண்டு பெட்டிகளோடு ஒட்டி, 6 அடிக்கு 3 அடியில் ஒரு பொய் ஐலண்டை அடுப்படி நடுவில் நிறுத்தினார். ஒரு வாரம் அதைச் சுற்றியே வாழ்ந்தோம். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் நீங்கள் பின்பற்ற வேண்டாம், இதை மட்டும் செய்து பாருங்கள். செலவு ஒட்டுநாடாவுக்கு மட்டும்தான்.

முதல் நாளே குளிர்பதனப்பெட்டியின் கதவு முழுதாகத் திறக்கவில்லை. இரண்டாம் நாள், பின்சந்துக் கதவு வழியாக 14 கிலோ எரிவாயுத் தோம்பைத் தூக்கி வந்த கணவர் மூலையில் இடித்துக்கொண்டார். துணிக் கூடையோடு கொல்லைக்குப் போகிற அத்தை ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகத் திரும்பி, வயிற்றை உள்ளிழுத்து நடந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கத்தியை எடுத்து அட்டையை அறுத்தேன். முதலில் 6 அடி 5 அடியானது, பிறகு 3 அடி இரண்டரையானது. அதற்குப் பிறகுதான் வீட்டில் யாரும் எதிலும் இடிக்கவில்லை.

இந்தப் பரிசோதனையில் 'இது நமக்கு வேண்டாம்' என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களில் பலருக்கு அப்படித்தான் தெரிய வரும். அவர்களுக்குப் பூட்டுச் சக்கரம் வைத்த மேசையோ, சுவர் மேடையின் ஒரு முனையிலிருந்து நீண்டு வரும் 'ப' வடிவ மேடையோ போதும். தரையை உடைக்க நிர்வாக அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் மனத்தளவிலும் சக்கரத்துக்குத் தயாராக இருப்பது நல்லது. தரைவீட்டுக்காரர்கள் ஐலண்டுக்காகப் பின்பக்கத்தை நீட்டுவதானால் ஊராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வட்டாரத்துக்குப் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றம். 'எல்லாரும் நீட்டித்தானே இருக்கிறார்கள்' என்பது அனுமதி ஆகாது.

யாருடைய உயரம்?

கடைகளில் போய் நின்றால் மேடைகள் எல்லாம் 34 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்கின்றன. ஐலண்ட் என்றால் 36, சில இடங்களில் அதற்கும் மேல். அந்த உயரம் யாருக்காக? நான் 5 அடி 4 அங்குலம், எனக்குச் சரியாக இருந்தது. அத்தை 5 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

கையை மடக்கி நின்றால் முழங்கை எங்கே வருகிறதோ, அதற்கு 4 அங்குலம் கீழே காய்கறி நறுக்கும் மேடை இருக்க வேண்டும். மாவு பிசைவது, சப்பாத்தி தேய்ப்பது, முறுக்கு பிழிவது போல உடம்பின் எடையைக் கொடுத்துச் செய்யும் வேலைக்கு 6 அங்குலம் கீழே இறங்கினாலும் நல்லது. அத்தையின் முழங்கை தரையிலிருந்து 37 அங்குலத்தில் இருந்தது. அவருக்கு வேண்டிய மேடை 31 அங்குலம். போன தீபாவளிக்கு முறுக்கு ஏன் பிழிய முடியவில்லை என்பதற்கு விடை அந்த ஐந்து அங்குலத்தில் இருந்தது. நாங்கள் மூட்டு வலியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

31 அங்குலம் என்றதும் எனக்கு முகம் சுருங்கியது. படத்தில் இருந்த உயர நாற்காலிகள் அவ்வளவுதான். பிறகு யோசித்தபோது, அந்த நாற்காலிகளில் ஏறி உட்காரப் போவது யார்? அத்தையால் முடியாது. ஐந்து வயது மகள் ஏறுவாள், விழுவாள். 31 அங்குல மேடைக்கு வீட்டில் இருக்கிற சாப்பாட்டு மேசை நாற்காலியே போதும். அத்தை உட்கார்ந்தபடி வெங்காயம் உரிக்கலாம், மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம். ஆனால் முழங்கால் உள்ளே போக இடம் வேண்டும். இந்த உயரத்துக்கு 18 அங்குல ஆழம் தேவை. அதனால் 5 அடியில் 3 அடிக்குக் கீழே இழுப்பறைகள், மீதி 2 அடி வெறும் கால்கள் வைத்த மேசைபோலத் திறந்த முனை என்று முடிவானது. படத்தில் பார்த்த எதுவும் இப்படி இல்லை.

அடுப்பை நடுமேடையில் வைக்கலாமா என்பதில் எனக்கும் கணவருக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். நான் வேண்டும் என்றேன், முகம் பார்த்துச் சமைக்கும் ஆசை. உறவினர் ஒருவர் வீட்டில் அப்படி வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தோம். அவர்கள் வீட்டு ஐலண்டில் அடுப்பு பளபளவென்று இருந்தது. உண்மையான சமையல் பின்னால் தகரக் கூரை போட்ட ஈரக் குசினியில் நடந்துகொண்டிருந்தது! மீன் பொரித்தாலும் பிளாச்சான் வறுத்தாலும் நாம் பின்னால்தான் ஓடுகிறோம். நடுமேடையில் குவாலியை வைத்துத் தாளித்தால் கடுகு நான்கு திசையிலும் தெறிக்கும், தடுக்கச் சுவர் கிடையாது. புகைபோக்கியும் சுவரில் மாட்டுவதைவிடப் பெரியதாக வேண்டும், கூரையிலிருந்து தொங்க வேண்டும், விலையும் கூட. எரிவாயுக் குழாயைத் தரைக்கடியில் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் செய்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே எண்ணெய்ச் சட்டி.

தொட்டியும் வேண்டாம் என்று விட்டோம். நடுவில் தொட்டி வைத்தால் கழிவுநீர்க் குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலச் சரிவு கொடுத்துத் தரையை உடைக்க வேண்டும். சரிவு பிசகினால் காலமெல்லாம் நாற்றம். தேவையென்று வைத்துக்கொண்டது மின்சாரம் மட்டும்தான். மாவரைக்கும் கிரைண்டரைத் தினமும் தூக்கி இறக்க வேண்டாம், அது ஐலண்டின் ஒரு மூலையில் நிரந்தரமாக இருக்கட்டும் என்பது அத்தை போட்ட ஒரே நிபந்தனை. அதற்குத் தரைக்கடியில் கம்பி இழுத்து, பக்கவாட்டில் 13 ஆம்பியர் செருகியிடம் இரண்டு. இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அலமாரி செய்கிறவர் 'நானே போட்டுத் தருகிறேன்' என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

பால்மரப் பலகை

மேலே என்ன கல் என்பதில்தான் பலரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். எனக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் மேல் ஒரு கண் இருந்தது. குவார்ட்ஸ் என்று விற்பது அரைத்த கல்லைப் பிசினில் சேர்த்துச் செய்த பலகை. கறை எளிதில் உள்ளே இறங்காது, ஆனால் பிசின் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய குவாலியை நேராக வைத்தால் தழும்பாகிவிடும். வெள்ளை நிறம் மஞ்சள் தூளுக்கும் நமக்கும் ஒத்துவராது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கிரானைட் சூட்டைத் தாங்கும், கருநிறமாக இருந்தால் கறையும் தெரியாது. அவ்வப்போது மேலே பூச்சு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. செயற்கைக் குவார்ட்ஸில் பெரும்பகுதி சிலிக்கா. அதை வெட்டும்போது பறக்கும் நுண்தூள், வெட்டுகிறவரின் நுரையீரலில் போய்த் தங்கி ஆளையே கொல்லும். வெட்டும் தொழிலாளர்கள் பலர் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளானதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைத் தடை செய்துவிட்டது. நம் வீட்டு வாசலில் முகக்கவசம்கூட இல்லாமல் ஒரு பையன் உட்கார்ந்து கல் அறுப்பதைப் பலரும் பார்த்திருப்போம். எந்தக் கல் வாங்கினாலும், பட்டறையிலேயே தண்ணீர் ஊற்றி அறுத்து வரச் சொல்லுங்கள். அளவைச் சரியாகக் கொடுத்தால் வாசலில் அறுக்க வேண்டிய வேலையே வராது.

இப்படியே பேசிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியபோது, ஒரு மரக்கடைத் தவுக்கே வெளிர் மஞ்சள் நிறப் பலகை ஒன்றைக் காட்டினார். சின்னச் சின்னச் சட்டங்களை ஒட்டிச் செய்த ஒன்றரை அங்குலத் தடிப்புப் பலகை. தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருந்தது. என்ன மரம் என்று கேட்டேன்.

"காயு கெத்தா லா."

பால்மரம்! நம் பாட்டன் பாட்டிகள் விடியலில் எழுந்து சீவிய அதே மரம். 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டி வீழ்த்தி, மறுநடவு செய்வார்கள். அப்படி வெட்டிய மரத்தை ஒரு காலத்தில் எரிக்க மட்டுமே பயன்படுத்தினார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த மரம் என்பதால் வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்திப் பக்குவப்படுத்தும் முறை வந்த பிறகுதான் அது மேசை நாற்காலி மரமாக உயர்ந்தது. 1980களிலிருந்து நம் நாட்டு மரத்தளவாட ஏற்றுமதியையே அதுதான் தாங்குகிறது. ஜொகூர் மூவாரில் எத்தனையோ தொழிற்சாலைகளுக்கு அதுதான் சோறு. மரம் பருத்து நீளமாக வளராததால்தான் சட்டங்களாக அறுத்து ஒட்டுகிறார்கள். விலை கல்லைவிடக் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. ஈரம் தேங்கினால் கறுக்கும், தொட்டிப் பக்கம் ஆகாது. மாதம் ஒருமுறை உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய் தடவ வேண்டும். இறைச்சியை அதன் மேலேயே வைத்து வெட்டக்கூடாது, தனிப் பலகை வேண்டும். சூடான பாத்திரத்துக்கு அடியில் மனை வேண்டும். ஆனால் மாவு பிசைய, முறுக்கு பிழிய, பிள்ளை கை ஊன்றி எழுத, கல்லின் சில்லிப்பைவிட மரம் கைக்கு இதமாக இருக்கும். தொட்டியும் அடுப்பும் இல்லாத எங்கள் நடுமேடைக்கு அது பொருந்தியது. கிரைண்டர் நிற்கும் மூலைக்கு மட்டும் ஒரு துண்டுக் கருங்கல் பதித்துக்கொண்டோம், அங்கேதான் தண்ணீர் சிந்தும்.

கீழே அலமாரிக்கு அலுமினியம். பார்வைக்கு மரம் அழகுதான், ஆனால் எங்கள் வரிசையில் கறையான் வராத வீடு கிடையாது. மரத்தூள் அட்டைப் பலகை என்றால் ஈரத்தில் ஊதிவிடும்.

குத்தகையாளர் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. அவர்கள் 'ஓர் அடிக்கு இவ்வளவு வெள்ளி' என்று விலை சொல்வார்கள். அந்த விலையில் மேல்பலகை சேர்ந்ததா, இழுப்பறைகள் எத்தனை, கீல் என்ன ரகம், ஐலண்டின் பின்முகத்துக்கும் பலகை உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சுவர் அலமாரிக்குப் பின்முகம் யாருக்கும் தெரியாது, ஐலண்டுக்கு நான்கு முகமும் தெரியும். எங்களிடம் முதலில் வந்தவர் அதைச் சொல்லாமல் விட்டு, முன்பணம் வாங்கிய பிறகு தனிக் கணக்குப் போட்டார். அவரிடமிருந்து பாதிப் பணம் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. இரண்டாமவருக்கு 31 அங்குலம் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. "யாரும் இப்படிப் போட மாட்டாங்க அக்கா, விக்கும்போது விலை போகாது" என்றார். விற்கிற எண்ணம் இல்லை என்றேன்.

போன மாதம் பலகை வந்து இறங்கியது. ஆட்கள் போன பிறகு அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் திறந்த முனையில் உட்கார்ந்தார். கையால் தடவினார், நகத்தால் கீறிப் பார்த்தார், குனிந்து மோந்து பார்த்தார்.

"பால்மரம்னு நெசமாவா?"

"ஆமா அத்தை."

"இதத்தான் நாங்க அடுப்புல வச்சு எரிச்சோம். நல்லாப் பிடிக்கும், புகைதான் கண்ணக் கரிக்கும்" என்றவர், உள்ளே போய் முறுக்கு உரலை எடுத்து வந்து பலகை மேல் நிறுத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். மாவு இல்லாத வெறும் உரல். கை நேராக இறங்கியது.

"தீபாவளிக்கு உங்கம்மாவையும் வரச் சொல்லு" என்றார்.